பதினோரு ஜோடிச் செருப்பு

வேளாண் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்களை மலேசியாவுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்று அது. முப்பது மாணவர்கள், ஒரு பேராசிரியர். அந்த நாட்டு அரசு அதிகாரி ஒருவரும் எங்கள் பேருந்திலேயே கூட வந்தார். அவர் வழிகாட்ட வந்தாரா, வேவு பார்க்க வந்தாரா என்று முதல் நாளே எனக்குச் சந்தேகம். என் புத்தி அப்படி. ஓட்டலில் சும்மா கொடுத்த சோப்பைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

போகிற பண்ணையெல்லாம் பளிச்சென்று இருந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஒரு காய்ந்த மட்டைகூடக் கீழே கிடக்கவில்லை.

"நாம வர்றோம்னு நேத்துதான் கூட்டிப் பெருக்கியிருக்காக" என்று பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னேன்.

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான்டி" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும்? சோதனைக்கு ஆள் வருகிறது என்றால் ஒரு கம்பெனி எப்படி அரை மணி நேரத்தில் யோக்கியமாகிவிடும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். என் ஊர் சாத்தூர்ப் பக்கம் திருத்தங்கல். அம்மா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஓர் அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம் என்பது கணக்கு. சீசனில் பத்துப் பேர் உட்காருவார்கள். வெடிமருந்து இருக்கிற அறைக்குள் செருப்புக் காலோடு போகக்கூடாது என்பதால் எல்லாச் செருப்பும் வாசலில் கிடக்கும். ஜீப் வருகிறது என்று தகவல் வந்ததும் மிச்ச ஆறு பேரும் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடவேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. எடுக்க மறந்தால் தொலைந்தது. விவரமான அதிகாரி தலையை எண்ணமாட்டார், செருப்பைத்தான் எண்ணுவார். ஒருமுறை கைக்குச் சிக்கியதை அள்ளிக்கொண்டு ஓடிய அம்மா, ஒரு காலில் சிவப்பும் ஒரு காலில் நீலமுமாக வீடு வந்து சேர்ந்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள்.

ஐந்தாம் நாள் மலைமேல் ஒரு தக்காளிப் பண்ணை. பெரிய பெரிய பிளாஸ்டிக் கூடாரங்கள். செடிகளுக்கு நோய் தொற்றாமல் இருக்க, வெளியில் போட்டு வருவதை வாசலில் கழற்றிவிட்டு அவர்கள் தரும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். நாங்கள் எல்லாரும் ஷூ போட்டிருந்தோம். ஷூவைக் கழற்றக் குனிந்தபோதே பார்த்துவிட்டேன். ஓரமாகக் கிடந்தன ரப்பர் செருப்புகள், பதினோரு ஜோடி. அவற்றில் ஒட்டியிருந்த மண் இன்னும் காயவில்லை.

பண்ணையின் மேற்பார்வையாளர் அந்த நாட்டுத் தமிழர். தமிழிலேயே விளக்கினார்.

"இவ்வளவு பெரிய பண்ணைக்கு நாலே பேர்தான். தண்ணி, உரம் எல்லாம் மெஷின் பாத்துக்கும்."

எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நாலு என்ற அந்த எண் காதில் விழுந்ததும் எனக்குள் ஒரு குறுகுறுப்பு. ஐந்து நாளாக என்னைக் கிண்டல் செய்த தோழி பக்கத்திலேயே நின்றாள். வாயை அடக்க முடியவில்லை.

"அண்ணே, நாலு பேருங்கிறீக. வாசல்ல பதினோரு சோடி செருப்பு கெடக்கே?"

அவர் முகம் வெளிறிப்போனது. அப்போதாவது நான் பேச்சை மாற்றியிருக்க வேண்டும். எங்கள் பேராசிரியருக்கோ பெருமை தாங்கவில்லை. "பாருங்க, என் மாணவி எப்படிக் கவனிக்கிறா" என்று என் கேள்வியை அந்த அரசு அதிகாரிக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். அதிகாரி வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்தார். பிறகு நேராக, கூடாரத்தை ஒட்டி உரமூட்டை அடுக்கியிருந்த கொட்டகைக்குப் போனார்.

அதற்குள் ஒளிந்திருந்த ஏழு பேர் வரிசையாக வெளியே வந்தார்கள். அந்த நாட்டில் வேலை செய்ய ஒருவரிடமும் உரிய காகிதம் இல்லை. அதிகாரி செல்போனில் யாரையோ அழைத்தார். வண்டி வரும், பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஏழு பேரில் நரைத்த தலையோடு ஒருவர் என்னைத் தாண்டும்போது நின்றார்.

"தாயி, சாத்தூர்ப் பக்கமா?"

தலையாட்டினேன்.

"உள்ள உக்காந்து நீங்க பேசுறதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நம்ம ஊருப் பேச்சு கேட்டு ஆறு வருசமாச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குரலில் கோபமே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. யாருக்கு எதை நிரூபிக்க அப்படிக் கேட்டேன்? ஓடி ஒளிகிறவர்களின் வீட்டில் பிறந்தவள், ஒளிந்திருந்தவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, ஏதாவது பேசவேண்டுமே என்று, "நீங்க எந்த ஊரு, அண்ணாச்சி?" என்றேன்.

அவர் என் கையிலிருந்த நோட்டையும் பேனாவையும் பார்த்தார்.

"அங்கனதான்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களுக்குப் பின்னால் போய்விட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னால் அதையும் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.