கிருபானந்தன் ஊதியதும் வீடியோவில் கேட்டதும்

மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் ஸ்விங் சாக்ஸபோன் வரலாற்றை எழுதப் புகுபவருக்கு ஒரு வசதி உண்டு. அந்த வரலாற்றில் இருப்பது ஒரே ஆள். பெயர் கிருபானந்தன். பகலில் டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குபவர்.

ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறுவார்கள். வேண்டாததை நடைபாதையில் விட்டுப்போவார்கள். அப்படித்தான் ஒரு சாக்ஸபோனும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளும் அவரிடம் வந்து சேர்ந்தன. தட்டுகள் எல்லாம் 1930களில் அமெரிக்க நடனக்கூடங்களில் வாசித்த ஸ்விங் ஜாஸ். பெட்டியில் வேறேதும் இருந்திருந்தால் அதைப் பழகியிருப்பார். மேதைகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

மேதையின் ஒலிப்பதிவுகளைத் தொகுப்பது வரலாற்றாசிரியனின் கடமை. கிருபானந்தனுக்குப் பதிவுகளில் குறைவில்லை. கலியாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று எந்த வீடியோவைப் போட்டாலும் கன்னம் உப்ப, கண் சொருக, ஊதிக்கொண்டு நிற்கிறார். கேட்பது மட்டும் சினிமாப் பாட்டு. மண்டபத்துச் சத்தத்தை வழித்தெடுத்துவிட்டுப் பாட்டை ஊற்றுவது நமது வீடியோக்காரர்களின் குலவழக்கம். ஒரு சாமத்திய வீட்டில் அவர் ஊத ஊத, குழலுக்குள்ளிருந்து ஒரு பாடகி உருகுகிறாள். மிகப் பொருத்தமாக இருந்ததென்று சனங்கள் பாராட்டினார்கள்.

இந்த நிலையில், செயின்ட்-மிஷேலில் தேவாலய நிலவறையில் ஒத்திகை பார்க்கும் ஸ்விங் குழுவில் ஒரு சாக்ஸபோன் இடம் காலியானது. உலகத்தில் கிருபானந்தன் ஆசைப்பட்ட ஒரே உத்தியோகம் அது, சம்பளம் இல்லாவிட்டாலும். குழுத் தலைவி மதாம் ஜினெட் ஓய்வுபெற்ற ஆசிரியை. சபைக்கு முன்னால் வாசித்த பதிவு ஒன்று வேண்டும், வீட்டில் தனியே ஊதியது செல்லாது என்று சொல்லிவிட்டார்.

மனைவி புஷ்பவதி ஒருமுறை கைபேசியில் அவரைப் பதிவு செய்திருந்தார். அதில் தெளிவாகக் கேட்பது புஷ்பவதிதான். முன்வரிசைச் சேலைகளைப் பற்றி.

எனவே வீடியோக்கார ஜெராட்டிடம் போனார். அடுத்த சனிக்கிழமை கிருபானந்தனின் பெறாமகள், அண்ணன் மகள் வினோஜாவுக்குக் கலியாணம், வீடியோ ஜெராட்தான். சத்தத்தை வெட்டாமல் விடச்சொல்லிக் கெஞ்சினார்.

“அண்ணை, சத்தத்தை விட்டால் பிள்ளையள் கத்துறதும் கோப்பை உடையிறதும்தான் கேக்கும். ஆர் பாப்பினம்?” என்றான் ஜெராட். “தாலிகட்டிலை மட்டும்தான் நான் கைவைக்கிறேல்லை. மந்திரமும் மேளமும் அப்பிடியே கிடக்கும். அதைத் தொட்டால் பொம்பிளையின்ரை தாய் என்னைத் துலைச்சுப்போடுவா.”

கிருபானந்தன் யோசித்தார். யோசனையின் விளைவு பயங்கரமானது. தாலி கட்டும்போதே ஊதுவது.

நாதஸ்வரக்காரர் முதலில் முறைத்தார். பிறகு தவிலுக்குப் பின்னால், தம் கண்ணில் படாமல் நிற்பதானால் சரி என்றார். ஐயர், மூன்றாவது முடிச்சோடு நிறுத்திவிட வேண்டும் என்றார். வினோஜாவிடம் யாரும் கேட்கவில்லை. அவள் மணப்பெண் மட்டும்தானே.

சனிக்கிழமை ஐயர் விரலை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது. கிருபானந்தன் முப்பதுகளின் நடனக்கூடம் முழுவதையும் நெஞ்சுக்குள் இழுத்து ஊதினார். தவில்காரர் ஒருகணம் திடுக்கிட்டு, பிறகு ருசி கண்டவர்போல் துள்ளத் தொடங்கினார். நாதஸ்வரம் விடுமா? துரத்தியது. மாப்பிள்ளையின் தோள் ஆடியது. இரண்டாம் முடிச்சு தாளத்தில் விழுந்தது. ஐயரின் கால் பெருவிரல் செய்ததை அவரே பின்னர் மறுத்தார்.

மூன்றாம் முடிச்சில் சபை அட்சதையை எறிந்தது. பின்வரிசையிலிருந்து எறிகிறவர்களின் குறி நாம் அறிந்ததே. மணமக்களுக்கு விழுந்தது கொஞ்சம். மிச்சமெல்லாம், வாயை அண்ணாந்து வைத்திருந்த சாக்ஸபோனுக்குள். அடித்தொண்டையில் இழுத்து முடிக்கவேண்டிய கடைசிச் சுரம், தகரக்கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் கறகறவென்று உருண்டு அடங்கியது.

கிருபானந்தன் பந்தியில் வடையைத் தொடவில்லை. தொழில் வாழ்க்கை முடிந்துவிட்டதாகப் புஷ்பவதியிடம் அறிவித்தார். புஷ்பவதி அந்த வடையையும் சாப்பிட்டுவிட்டு, இருக்கிறதை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். வேறு பதிவும் இல்லை. ஜெராட் கொடுத்ததை அப்படியே அனுப்பினார்.

சில நாளில் மதாம் ஜினெட் தொலைபேசியில் வந்தார். மற்றதெல்லாம் யாரும் வாசிப்பதுதானாம்; ஆனால் அந்தக் கடைசிச் சுரம், ஜன்னலில் உறைமழை அடிப்பதுபோன்ற அந்த உறுமல், அப்படியொன்றை வாழ்நாளில் கேட்டதில்லையாம். செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு வந்து எல்லோருக்கும் அதைச் செய்து காட்டவேண்டுமாம்.

“மெர்சி, மதாம்,” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுக் கிருபானந்தன் சமையலறைக்கு ஓடினார்.

“புஷ்பம், கொஞ்சம் அரிசி தாரும். மஞ்சள் பூசி.”

புஷ்பவதி விசயத்தை முழுவதும் கேட்டார். அரிசி வாளியைத் திறந்தார்.

“உள்ளுக்குப் போட்டுக்கொண்டு போனால் முதலிலேயே கறகறக்கும். கடைசியிலை எல்லோ விழவேணும். ஆர் எறியிறது?”



செவ்வாய்க்கிழமை முதல் செயின்ட்-மிஷேல் ஸ்விங் குழுவில் இரண்டு தமிழர்கள். ஒருவர் சாக்ஸபோன். மற்றவர் பின்வரிசையில், பட்டுச்சேலையும் மஞ்சள் அரிசிக் கிண்ணமுமாக, கடைசிச் சுரத்துக்குக் குறி பார்த்துக்கொண்டு நிற்கிறார்.