படம் வந்தால் போதாது என்ற மசூதா டீச்சர்

மசூதா டீச்சர் வபாத்தான செய்தி எனக்கு மூன்றாம் பாடவேளையில் வந்தது. வகுப்பில் தொலைபேசியைத் தொடுவதில்லை என்பது என் ஒழுங்கு. அன்று அது மேசையில் கிடந்து விடாமல் அதிர்ந்தது. பாடசாலை வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி. அதை நான் வாசித்து முடிப்பதற்குள் அதன் கீழே ஒரே மாதிரியான துஆ வேண்டுதல்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே பிரதிபண்ணி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டவர், காலையில் நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டார்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் சொன்னார்கள். இன்னாரின் மகள், இன்ன கடை முதலாளியின் சகோதரி. கால் நூற்றாண்டாக இந்தக் கரையோரத்துப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவர் என்பது அதில் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனையில் அடக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பாடசாலையில் அனுதாபக் கூட்டம் நடந்தது. அதிபர் பேசினார்: "எங்கட மசூதா டீச்சர் கண்டிப்பானவ. ஆனா ஓய்வு நேரத்தில வீடியோ கேம் விளையாடி மனச இலேசாக்கிக் கொள்ளுவா." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்த அன்பான சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து எதையும் சொல்லவும் இல்லை. அங்கே சொல்லாததை, அவரை அறிந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மசூதா டீச்சர் ஒருநாளும் கேம் விளையாடியதில்லை. விளையாடியவர் அவருடைய தம்பி நௌபர்.

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில்தான் இருப்பார். நௌபரும் அப்படித்தான் போனார். கட்டாரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் போய் வந்தபோது, மனைவி வீட்டார் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு வான் வண்டியில் ஏற்றி, கலியாணம் முடிக்காத அக்காவின், அவருடைய மசூதா ராத்தாவின், வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். உடுப்புப் பையோடு ஒரு பழைய கேம் பெட்டியும் இறங்கியது. நௌபருக்குப் பத்து வயதாக இருந்தபோது அவர்களுடைய வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது.

நௌபரின் வலது பெருவிரலில் மட்டும் நம்பக்கூடிய பலம் இருந்தது. கேமில் ஒரு சின்ன மனிதன் வலப்பக்கமாக ஓடுவான். இடையிடையே பள்ளங்கள். டீச்சர் ஓர் அழிறப்பர்த் துண்டை வலப்பக்க அம்புக்குறியின் மேல் வைத்து றப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினார். மனிதன் தானாக ஓடிக்கொண்டே இருப்பான். எப்போது குதிப்பது என்பது மட்டும் நௌபரின் கையில். உணவு, குளிப்பு, திரும்பிப் படுப்பது எல்லாவற்றுக்கும் இன்னொருவருடைய நேரத்துக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு, தன் நேரத்துக்கு நடக்கிற ஒரே காரியம் அதுதான்.

பழைய தொலைக்காட்சி செத்தது. திருத்துகிறவர் பார்த்துவிட்டு, பாகம் கிடையாது என்று கையை விரித்தார். அவர்களுடைய நானா, மூத்த சகோதரர், புதிய தட்டையான தொலைக்காட்சி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதன் பின்பக்கத்தில் பழைய மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களுக்கு இடமில்லை. நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும் என்று டீச்சர் சொல்ல, அதையும் சகோதரரே வாங்கிவந்தார். படம் வரவில்லை.

"நானா, இது புதுப் பெட்டியிலயிருந்து பழைய டிவிக்குப் போடுறது. எங்களுக்கு வேணும் மத்தப் பக்கம்."

"அதுக்கென்ன, திருப்பிக் கொளுவன் புள்ள."

"நானா, இது சாரமா, திருப்பி உடுக்க?"

இதை ஆசிரியர் ஓய்வறையில் நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைத்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் பார்த்தது கொஞ்சம்தான். இரண்டாவது பெட்டி சரியான பக்கத்துக்கு உரியது. படம் வந்தது. வீடே கூடி நின்று பார்த்தது. நௌபர் மட்டும், "ராத்தா, நான் அமத்துறது பிந்தித்தான் போகுது," என்றார். சின்ன மனிதன் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தான்.

"படம் வருகுதுதானே, இன்னும் என்ன?" என்றாராம் மூத்தவர். நௌபரின் விரல் பலம் குறைந்துவிட்டது என்று வீட்டில் முடிவாகியது.

மசூதா டீச்சர் அந்த முடிவை ஏற்கவில்லை. ஒருநாள் இடைவேளையில் தன் தொலைபேசியை என் முன்னால் வைத்தார். பெருவிரலையும் திரையையும் ஒன்றாக, மெதுவாக ஓடும் காணொளியாகப் பிடித்திருந்தார். விரல் பொத்தானில் அழுந்துகிறது. மனிதன் ஓடுகிறான், ஓடுகிறான், பிறகுதான் குதிக்கிறான்.

"ஒரு கண்வெட்டு நேரம்கூட இல்லையே டீச்சர்," என்றேன்.

"நீங்க படத்தப் பாக்கிறீங்க. விரலப் பாருங்க. அவன் சரியான நேரத்துக்குத்தான் அமத்துறான்."

அந்த மலிவுப் பெட்டி வருகிற படத்தை முழுதாக வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் அனுப்புகிறது என்று விளக்கினார். தொலைக்காட்சியில் படத்தை அழகாக்கும் வசதிகளையெல்லாம் நிறுத்திப் பார்த்துவிட்டார். கொஞ்சம் குறைந்தது. மிச்சம் பெட்டியில் இருந்தது. வரிவரியாக வருவதை வரிவரியாகவே அனுப்பும் பெட்டி ஒன்று உண்டு. நான் கொழும்புக்கு விடைத்தாள் திருத்தப் போக இருந்தேன். ஒரு தாளில் அந்தப் பெட்டியின் பெயரை எழுதி, அதன் உருவத்தை வரைந்து, பக்கத்தில் மற்றதையும் வரைந்து, அதன் குறுக்கே கோடு போட்டு, "இது அல்ல" என்று எழுதித் தந்தார்.

நான் தர்க்கம் சொல்லும் அளவையியல் படிப்பிப்பவள். சான்று இல்லாமல் எதையும் ஏற்காதவள் என்று பெயர். அவர் என் முன்னால் சான்றை வைத்திருந்தார். ஆனாலும் கொழும்பில் கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஒருவர், "அது மூணாவது மாடிக் கடையில இருக்கும் மிஸ், ஆனா இதுலயும் படம் வரும்," என்றபோது நான் மாடி ஏறவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. கால் வலியும் இல்லை. படித்த ஒரு பெண் இதற்குப் போய் இவ்வளவு மினக்கெடுவதா என்று உள்ளே ஓர் ஏளனம் இருந்தது, அவ்வளவுதான். கோடு போட்ட அதே வகையில், தகரக் கூடு போட்ட ஒன்றை வாங்கினேன். வெளியே வந்து தேநீர் குடித்தேன்.

"நீங்க கேட்டது கொழும்பில இல்லையாம் டீச்சர்," என்று கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம், இருந்திருந்தா நீங்க வாங்காம வந்திருக்க மாட்டீங்க," என்றார்.

அதன் பிறகு எட்டு மாதம் அந்தப் பெட்டிதான். முறைப்பாடு நின்றுவிட்டது. ஓய்வறையில், "மசூதா டீச்சர், இப்ப எத்தினயாம் கட்டத்தில நிக்கிறீங்க?" என்று கேலி பண்ணுவார்கள். அவர் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பார். ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னார்: "இப்ப அவன் பள்ளம் கிட்ட வாறதுக்கு முந்தியே அமத்துறான்."

"அப்ப நல்லம்தானே. பழகிட்டார்."

"சமாளிக்கிறான் டீச்சர். சமாளிக்கிறதப் பாத்துப் பாத்துத்தான் எல்லாரும் நல்லா இரிக்கெண்டு நினைக்கிறது."

அவர் தம்பியைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அந்தத் தவணை முழுவதும் மூச்சு வாங்க மேல்மாடி ஆய்வுகூடத்துக்கு ஏறியிறங்கியவரும் அவர்தான். பாடம் நடக்கிறதுதானே என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வபாத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். மூத்தவர் குடும்பம் அங்கே வந்து தங்கியிருந்தது. நௌபரின் அறைக்குள் போய் என் பெயரைச் சொன்னேன்.

"ஆ, அளவையியல் டீச்சரா? ராத்தா அடிக்கடி சொல்லுவா. அந்தப் பெட்டிக்காகக் கொழும்பெல்லாம் அலைஞ்சீங்களாம். கிடைக்கல்லயாம்."

அலைந்தேன் என்று டீச்சரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. என் பொய்யை மசூதா டீச்சர் நம்பியது போதாதென்று, அதற்கு என் பெயரால் ஒரு நன்மையும் சேர்த்துத் தம்பிக்குக் கொடுத்திருந்தார்.

அடுத்த விடுமுறையில் கொழும்பு போனேன். மூன்றாம் மாடி. கண்ணாடி அலுமாரியில் அவர் வரைந்தபடியே இருந்தது. எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டேன். "இதெல்லாம் எப்பவும் இருக்கிறதுதானே மிஸ்," என்றார் கடைக்காரர்.

அவருடைய தாளைப் பார்த்து நானே பொருத்தினேன். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுவும், விரலைப் பாருங்கள் என்ற அந்தச் சொல்லும்தான். இரண்டும் தேவைப்பட்ட நேரத்திலேயே எனக்குத் தரப்பட்டவை.

படம் வந்தது. சின்ன மனிதன் ஓடினான். முதல் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடியும் ஓடினான். மறுபடியும் அதே பள்ளம். வாசலில் நின்ற மூத்தவர் சிரித்தார்: "பாத்தீங்களா டீச்சர், பழைய பெட்டிதான் நல்லம்."

நௌபர் முந்தி அமர்த்தினார். எட்டு மாதமாக என் பெட்டிக்காகப் பழகிய விரல் அது. அமர்த்திய கணத்திலேயே மனிதன் குதித்தான். பள்ளம் இன்னும் வந்திருக்கவில்லை. தரையில் இறங்கி நேராக அதற்குள் ஓடினான்.

"பெட்டி சரி டீச்சர். நான்தான் பிழை," என்றார் நௌபர். "இது இப்பத்தான் கொழும்புக்கு வந்திரிக்கா?"

"இல்ல. அப்பவும் இருந்தது. நான் மாடி ஏறல்ல."

எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. விரலைப் பார்த்தேன்.