நியூயார்க் அடைக்கும் நேரம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பங்குத் தரகர் அலுவலகம், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. பங்கு வாங்க விற்க ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன் ஒரே ஒரு நாற்காலி. பி.காம். முடித்து வந்த என்னை அதன் பக்கம் விடாமல் விண்ணப்பங்களை அடுக்க வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடுக்குவதற்காகப் போகவில்லை.

முதலாளி ஒருநாள் சுவரில் கரும்பலகை மாட்டினார். அமெரிக்கச் சந்தை விழுந்தால் மறுநாள் நம் சந்தையும் விழும் என்று வாடிக்கையாளர்கள் பயந்துகொண்டிருந்த காலம். நியூயார்க் நிலவரத்தைப் பலகையில் எழுதுகிறவருக்கே நாற்காலி என்றார். நான் எழுதுகிறேன் என்றேன்.

"அது ராத்திரி நடக்குற சந்தைம்மா. நீ சேரன்மாதேவி பஸ்ஸப் பிடிக்கணும்லா" என்று சொல்லி, உடன் வேலை பார்த்த அண்ணனிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டார்.

அந்த அண்ணன் சாயங்காலம் ஏழு மணிக்கு நியூயார்க் திறப்பதை டிவியில் பார்ப்பார். ஏற்றம் அல்லது இறக்கம் என்று எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். விளக்கு வைத்த பிறகு அலுவலகத்தில் எதையும் பெருக்கவோ அழிக்கவோ கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆகவே அவர் எழுதியதை ராத்திரி யாரும் தொடமாட்டார்கள்; மறுநாள் காலையிலும் அதுவே நிற்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்தே பங்கு வாங்கினார்கள்.

ஒருநாள் முதல் பஸ்ஸில் வந்தேன். கட்டடக் காவல்காரரிடம் சாவி வாங்கித் திறந்து டிவியைப் போட்டேன். பலகையில் ஏற்றம் என்று இருந்தது. நியூயார்க்கோ நன்றாக விழுந்து முடிந்திருந்தது. பலகையைத் துடைத்து, இறக்கம் என்று பெரிதாக எழுதினேன்.

முதலாளி உள்ளே வந்ததும் நின்றுவிட்டார். "யாரும்மா இத அழிச்சது?"

"நான்தான் அண்ணாச்சி."

"அவன் ராத்திரி இருந்து எழுதிட்டுப் போறான். நீ வெள்ளனமே வந்து அழிக்கியோ?"

"அவுக எழுதுனது தொறந்த நேரத்துக் கணக்கு. நாம விளக்கு வைக்கும்போதுதான் அங்கன காலைல ஒம்பதரை. அமெரிக்காக்காரன் சாயங்காலம் கடைய அடைக்கும்போது நமக்கு ராத்திரி ஒன்றரை. தொறந்தப்போ ஏறுனது அடைக்கும்போது இறங்கிட்டு."

பின்னால் வந்த அண்ணன் சிரித்தார். "ராத்திரி ஒன்றரைக்கு நீ வந்து பாத்தியாக்கும்?"

"நீங்களும்தான் பாக்கல. பாக்கவும் வேண்டாம். அடைச்ச சந்தை விடிஞ்சப்புறம் மாறாது. டிவில அததான் சொல்லுதான். நீங்களே கேளுங்க."

முதலாளி டிவிச் செய்தியைக் கேட்டார். முகம் மாறியது. "அப்போ ராத்திரி இருக்க வேண்டியதே இல்லியோ?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"இல்ல அண்ணாச்சி. எனக்கு முதல் பஸ்ஸு போதும்."

"சரி, இனி நீயே எழுது. ஆனா கம்ப்யூட்டர்ல அவனே இருக்கட்டும். வாரவுக ஆம்பளையளு, பொம்பளப் பிள்ளகிட்ட..."

"எழுதுறவங்களுக்குத்தான் நாற்காலின்னு நீங்கதான சொன்னீக" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலாளி விண்ணப்பக் கட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

பத்து மணிக்குச் சந்தை திறந்தது. முதலில் வந்த அரிசிக் கடை அண்ணாச்சி பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு வாங்கலாமா, பொறுக்கவா?"

"பொறுங்க" என்றேன். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.