பதினாறு மணி நேரச் செருப்பு

காமயகவுண்டன்பட்டி சீனிச்சாமியிடம் ஐம்பத்தெட்டு வயதுவரை யாரும் சம்மதம் கேட்டதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது கேட்கவில்லை. மாமன் மகள் பஞ்சம்மாளைக் கட்டிவைத்தபோது கேட்கவில்லை. அவளிடமும் கேட்கவில்லை என்பதில் இருவருக்கும் ஒரு சமாதானம். சர்க்கரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. அதனால் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டுப் பக்கத் தாளை முன்னால் வைத்து, "உங்களுக்குச் சம்மதமா ஐயா?" என்று ஒரு பெண் நான்கு முறை கேட்டபோது அவருக்கு வியர்த்துவிட்டது.

அந்தப் பெண் யுவராணி, சின்னமனூர்க்காரி. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. ஆராய்ச்சி ஒரு செருப்பைப் பற்றியது. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் வரும் புண் ஆறுவதற்கென்று புதுச் செருப்பு ஒன்று செய்திருக்கிறார்கள். புண் இருக்கிற இடத்தில் உடம்பின் பாரம் விழாது. அறுபது பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இதையும் மீதிப் பேருக்கு வழக்கமான மருத்துவச் செருப்பையும் கொடுத்து, எது ஆற்றுகிறது என்று பார்ப்பார்கள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லும். சீனிச்சாமிக்குப் புதுச் செருப்பு விழுந்தது.

அவருக்கு வலது பெருவிரலுக்கு அடியில் புண். திராட்சைப் பந்தலில் வெட்டிப்போட்ட கம்பித் துண்டு ஒன்று ஏறியிருக்கிறது. சர்க்கரையில் கால் மரத்திருந்ததால் ஏறியது அவருக்குத் தெரியாது. வீட்டுச் சிமெண்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துப் பஞ்சம்மாள்தான் சொன்னாள்.

"முழிச்சிருக்கிற நேரமெல்லாம் போட்டிருக்கணும். வீட்டுக்குள்ளயும் போடணும்" என்றாள் யுவராணி. "பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும், காரணம் சொல்லாம விலகிக்கலாம்."

சீனிச்சாமிக்கு அந்தக் கடைசி வரி பிடிக்கவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டு விலகுறதா? என்ன தாயி பேச்சு இது?" என்று சொல்லிவிட்டு, பதினெட்டுப் பக்கத்திலும் போட்டார்.

செருப்பின் அடியில் ஒரு சில்லு உண்டு. செருப்புக்குள் கால் இருக்கிறதா, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அது செல்போன் வழியாக ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சார்ஜ் போட வேண்டும். "இந்த ஊருலயே செருப்புக்குக் கரண்டு குடுக்கிற குடும்பம் நம்மதான்" என்றாள் பஞ்சம்மாள்.

ஒரு வாரம் கழித்து யுவராணி போன் செய்தாள். "ஐயா, ஒரு நாளைக்கு நாலு மணி நேரந்தான் காட்டுது. கழட்டிடுறீங்களா?"

கழற்றத்தான் செய்தார். காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயும்வரை பந்தலுக்குள்தான் இருப்பார். பந்தலுக்குள் செருப்புக் காலோடு நுழைவது அந்தக் குடும்பத்தில் கிடையாது. வெள்ளாமை நிற்கிற மண்ணில் அவர் அப்பா செருப்போடு கால் வைத்ததில்லை. மருந்து அடிக்க வருகிற ஆட்கள்கூட வேலியோரம் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். பழுக்கும் திராட்சையைச் செருப்புக் காலோடு போய்ப் பறிப்பது, சாமி கும்பிடப் போய்ச் சன்னிதியில் செருப்போடு நிற்பதற்குச் சமம். இதையெல்லாம் போனில் ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அவள் சட்டம் பேசுவாள். சீனிச்சாமி, "இனிமே சரியாப் போட்டுக்கிறேன் தாயி" என்று வைத்துவிட்டார்.

அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். செருப்புக்குள் ஒரு கால் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. யாருடைய கால் என்று சில்லு கேட்கப்போவதில்லை.

"ஏ புள்ள, உனக்கு எத்தனாம் நம்பர் செருப்பு?"

"ஏழு. எதுக்கு? வாங்கித் தரப் போறீகளோ?"

அவருக்கு எட்டு. வாரை ஒரு ஓட்டை இறுக்கினால் போதுமாக இருந்தது.

மறுநாளிலிருந்து பஞ்சம்மாள் அதைப் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போனாள், பால் சொசைட்டிக்குப் போனாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள், மகளிர் குழுக் கூட்டத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டாள். "டாக்டரே சொல்லியிருக்காக" என்று அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் கழுவித் துடைத்துப் புருசனிடம் கொடுப்பாள்.

யுவராணி மறுபடி போன் செய்தாள். "பதினாறு மணி நேரம் காட்டுது ஐயா! அறுபது பேருல நீங்கதான் முதல்."

சீனிச்சாமி எட்டாம் வகுப்புவரை எதிலும் முதலாக வந்ததில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

புண் மட்டும் ஆறவில்லை. புளியங்கொட்டை அளவில் இருந்தது நாலாவது வாரம் நெல்லிக்காய் அளவு ஆனது. எட்டாவது வாரம் அதில் ஒரு வாடை வந்தது. அவர் கூடுதலாக ஒரு சுற்றுத் துணி சுற்றிக்கொண்டு பந்தலுக்குள் போனார்.

பன்னிரண்டாவது வாரம் ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் ஷீபா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் இருந்த கணக்கைப் பார்த்தார். பிறகு காலை.

"உங்களை மாதிரி ஒழுங்காப் போட்டவங்க யாருமே இல்ல. இப்படிப் போட்டும் ஆறலைன்னா ரத்த ஓட்டம் போதலைன்னு அர்த்தம். இன்னும் விட்டா எலும்புல ஏறிடும். வியாழக்கிழமை பெருவிரலை எடுத்துடலாம்."

"சரிங்க" என்றார் சீனிச்சாமி.

வெளியே நடையில் பஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலில் எட்டாத கொடியைப் பிடிக்க அந்த விரலில்தான் எம்பி நிற்பார்.

"வியாழக்கிழமை விரலை எடுக்கிறாக."

"எதுக்கு?"

"செருப்பு போட்டும் ஆறலையாம்."

"நீங்க எங்க போட்டீக?"

"மெல்லப் பேசு. ஆளு இருக்காக."

"சொல்லிர வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்ல? பதினெட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தப் புள்ள என்னைய முதல் ஆளுங்குது. ஒரு விரலு தான, போனாப் போகுது."

பஞ்சம்மாள் எழுந்து நின்றாள். "போட்டும் ஆறலைன்னு எடுக்கிறதா இருந்தா, எடுக்க வேண்டியது என் விரலை. கழட்டுங்க."

"என்னத்த?"

"செருப்பைத்தான். கழட்டுங்க."

அவர் கழற்றினார். அவள் மாட்டிக்கொண்டு, வாரைத் தன் ஓட்டைக்கு இறுக்கிக்கொண்டு, டோக்கன் கொடுக்கிற பெண் கூப்பிடக் கூப்பிட உள்ளே போனாள். சீனிச்சாமி வெறுங்காலோடு பின்னால் ஓடினார்.

"டாக்டரம்மா, இந்தப் பதினாறு மணி நேரம் போட்டது நான். இவுக தோட்டத்துல வெறுங்காலோடதான் நின்னாக. பந்தலுக்குள்ள செருப்பு போடக் கூடாது, அதான். என் காலைப் பாருங்க." ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். "இருபது வருசத்துப் பித்தவெடிப்பு. இப்ப ஒண்ணு இருக்கா, பாருங்க. செருப்பு நல்ல செருப்பு. அதைக் குத்தம் சொல்லாதீக."

டாக்டர் ஷீபா அந்தக் காலைப் பார்த்தார். யுவராணி கணக்கைப் பார்த்தாள். சீனிச்சாமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"முதல்ல அவர்கிட்ட செருப்பைக் கொடுங்க" என்றார் டாக்டர்.

விதி மீறினால் நிரப்புவதற்கென்று ஒரு படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் ஒன்பது காரணங்கள் அச்சடித்திருந்தன. யுவராணி இரண்டு முறை படித்துவிட்டு, பத்தாவதாக இருந்த 'மற்றவை'யில் குறியிட்டு, பக்கத்தில் 'மனைவி' என்று எழுதினாள்.

"என்னைய நீக்கிருவீகளா தாயி?" என்றார் சீனிச்சாமி. அவருக்கு விரலைவிட அது பெரிதாக இருந்தது.

"நீக்க முடியாதுங்க ஐயா. போட்டாலும் போடலைன்னாலும் நீங்க புதுச் செருப்புக் கணக்குலதான் வருவீங்க. நடந்ததை நடந்தபடி எழுதிடுவோம்."

வியாழக்கிழமை தள்ளிப்போனது. புண்ணைச் சுத்தம் செய்து, ஊசி மருந்து போட்டு, ஆறு வாரம் கெடு கொடுத்தார் டாக்டர். "தோட்டத்துக்குச் செருப்போட போங்க. இல்லைன்னா போகாதீங்க. ரெண்டுல ஒண்ணு."

சீனிச்சாமி போகாமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்தார். கவாத்து வெட்டுகிற நேரம் அது. எந்தக் கொடியை எந்தக் கணுவில் வெட்டுவது என்பது முப்பது வருசமாக அவர் கத்தரியில் இருந்த விசயம். ஆள் வைத்து வெட்டினால் குச்சியை மொட்டையடித்துவிடுவார்கள் என்று பயம். பஞ்சம்மாள் கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் வேலிக்கு வெளியே, வரப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் செருப்போடு உட்கார்ந்து, எங்கே வெட்டுவது என்று சத்தம் கொடுத்தார். அவள் திரும்பவில்லை.

ஆறாவது வாரம் யுவராணி புண்ணை அளந்தாள். மிளகு அளவுக்கு வந்திருந்தது. அடியில் சிவப்பாகப் புதுச் சதை. டாக்டர் ஷீபா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "விரல் இருக்கட்டும்" என்றார். "ஆனா முழுசா மூடுற வரைக்கும் தோட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. ஒரு மாசம் ஆகும்."

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போனார். வேலியோரம் வந்ததும் நின்றார். உள்ளே பஞ்சம்மாள் ஸ்டூலில் ஏறி நின்று வெட்டிக்கொண்டிருந்தாள்.

"விரலு தப்பிச்சிருச்சு!" என்று கத்தினார்.

"நல்லது!"

"இன்னும் ஒரு மாசம் உள்ள வரக் கூடாதாம்!"

"அதுவும் நல்லதுதான்!"

"அந்தக் கொடியை வெட்டாத. அதுல நாலு கணு விடணும். ஏ புள்ள, அதை விடு!"

பஞ்சம்மாள் அந்தக் கொடியைக் கையில் பிடித்து, ஏறிட்டு ஒரு தரம் பார்த்து, மூன்று கணு விட்டு வெட்டினாள்.