பாங்காக்கில் சுவர் பார்த்த அக்கா

ஏற்காட்டில் பெயிண்ட் கடை வைத்திருந்த என் அக்கா ஸ்டெல்லா இன்று காலை இறந்துவிட்டாள். ஹார்ட். சாயங்காலம் அடக்கமும் முடிந்தது.

நிறைய பேர் போன் செய்து அழுகிறீர்கள்... எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அக்கா கடை மலை மேலே, என் கடை அடிவாரத்தில். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி டீலர்ஷிப். அப்பா எஸ்டேட் கூலி, யாரும் எங்களுக்குக் கடை வைத்துக் கொடுக்கவில்லை.

நான் கடை போட்ட இரண்டாம் வருஷம், ஏற்காட்டு ரிசார்ட் ஒன்றுக்கு அக்காவைவிடக் குறைத்து கொட்டேஷன் கொடுத்தேன். ஆர்டர் எனக்கு வந்தது. என் பக்கெட்டுகள் அங்கே இறங்குவதை அக்கா நேரில் பார்த்தாள்.

"எம்பட கஸ்டமரு வாசல்லயே கொண்டாந்து எறக்கற... கூடப் பொறந்தவளாடி நீ?"

அதோடு சரி. ஐந்து வருஷம் பேச்சில்லை. நானும் நிறுத்தவில்லை, வாரம் ஒரு லோடு மலை ஏறியது.

அப்புறம் ஒரு வருஷம் இரண்டு பேருமே டார்கெட்டை முடித்தோம். கம்பெனி பாங்காக் டூர் கொடுத்தது. நாற்பது டீலரில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர்... ஒரே ரூமில் போட்டுவிட்டார்கள்.

"வேற ரூம் இருக்குதுங்களா?" என்று அக்கா டூர் மேனேஜரைக் கேட்டாள். நானும் அதையே கேட்கத்தான் வாயெடுத்தேன்.

"அக்கா தங்கச்சின்னு சொன்னாங்க... சந்தோஷப்படுவீங்கன்னு நானே கேட்டுப் போட்டனுங்க" என்றார் பாவம்.

முதல் நாள் முழுக்க ஊமை நாடகம். மறுநாள் காலை குளிக்கப் போனவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"அடியேய்! தண்ணி கொதிக்குதுடி! எதைத் திருப்பறதுன்னே தெரியலடி!"

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசியது அதுதான். எனக்கும் தெரியவில்லை... நான் எதையோ திருப்ப, மேலேயிருந்து ஊற்றி என் புடவையும் நனைந்தது.

ஆண்கள் எல்லாம் மசாஜ், ஷாப்பிங் என்று கிளம்பிவிட்டார்கள். நாங்கள் ஆற்றங்கரையில் ஒரு பெரிய புத்தர் கோயிலுக்குப் போனோம். புத்தரை ஒரு நிமிஷம் பார்த்திருப்போம். மீதி நேரமெல்லாம் சுவரைத்தான்.

"பூசின பட்டி காயறதுக்குள்ளயே பெயிண்ட் அடிச்சிருக்கானுக, பாரு."

"இல்லக்கா, ஈரம் அடியில இருந்து ஏறுது. ஆத்தங்கரையாச்சே."

அக்கா கைப்பையிலிருந்து எங்கள் கம்பெனி நிறங்களெல்லாம் அச்சடித்த ஷேடு கார்டை எடுத்தாள். நாற்பது பேரில் வெளிநாட்டுக்கு ஷேடு கார்டு கொண்டுவந்த ஒரே ஆள். கூரை ஓட்டின் பச்சைக்கு ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தாள், எதுவும் சேரவில்லை.

"இந்தப் பச்சைய நம்ம கம்பெனிக்காரன் போட்டான்னா இன்னம் நூறு பக்கெட்டு தள்ளுவனே..."

அதோடு விட்டிருக்கலாம். எத்தனை கோட் என்று பார்க்க சுவரை நகத்தால் சுரண்டினாள். காவலர் விசில் ஊத, இரண்டு பேரும் ஓடினோம். வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.

"நீ போய் எடுத்துட்டு வா. அவன் என்னையத்தான பாத்தான்" என்றாள். போனேன். காவலர் இரண்டு ஜோடியையும் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது படகு மாறி ஏறி, எதிர்ப்பக்கம் கடைசித் துறைக்குப் போய்விட்டோம். அடுத்த படகுக்கு ஒரு மணி நேரம். ரம்புட்டான் வாங்கி உரித்துத் தின்றுகொண்டிருக்கும்போது அக்காவே ஆரம்பித்தாள்.

"லோடு ஏத்தறத நிறுத்துடி. எனக்கு இருக்கறது அந்த மலை ஒண்ணுதான். உனக்கு சேலமே கீழ கெடக்குது."

யோசித்துப் பார்த்தேன். விலையைக் குறைத்து, வண்டி வாடகையும் கொடுத்து மேலே ஏற்றியதில் எனக்கும் பெரிதாக லாபம் எதுவும் நிற்கவில்லை.

"சரிக்கா. ஆனா மலையில மஞ்சக்குட்டை ஊர மட்டும் உட மாட்டேன். அங்க நாலு எஸ்டேட்டு எங்கிட்டத்தான் வாங்கறாங்க."

"நொம்பப் பிசுநாறிடி நீ" என்று சிரித்தாள். மஞ்சக்குட்டை மட்டும் முடிவாகவில்லை, அதற்குள் படகு வந்துவிட்டது. கடைசி வரை அங்கே இரண்டு பேரும் விற்றோம்... அதற்காக போனில் திட்டிக்கொள்ளாத மாதம் கிடையாது.

இன்று அடக்கத்துக்கு முன்பே சேலத்து மொத்த வியாபாரி ஒருவர் எனக்கு போன் செய்தார். "இனி மலையும் உங்களுதுதானுங்களே?"

வைத்துவிட்டேன். பொய் சொல்வானேன், அதே யோசனை எனக்கும் ஒரு தடவை வந்துபோனது.

கல்லறையிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து, நான் கிளம்பும்போது ஜெனிட்டா கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மகள், இனி கடை அவள் கையில். முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவு.

"ஏனுங் சித்தி, இனி மலைக்கு லோடு ஏத்துவீங்களா? இப்பவே சொல்லிப்போடுங்க. நான் அதுக்குத் தகுந்தாப்பல பாத்துக்கறேன்."

இறங்கி, அங்கேயே நின்று பேசி முடித்தோம்.

போயிட்டு வாக்கா.

மலை முழுக்க ஜெனிட்டாவுக்கு, மஞ்சக்குட்டையும் சேர்த்து. அடிவாரத்துக்குக் கீழே எனக்கு. மூன்று வருஷம். அதற்கப்புறம் புதிதாகப் பேசிக்கொள்வது.