பத்து மணிக்கு வரும் குறுஞ்செய்தி

பள்ளிக்கூடத்துக் கணினியைக் கேட்டால் எனக்குப் பதினான்கு பிள்ளைகள் என்று சொல்லும். பெற்றது ஒன்றுதான். மற்ற பதின்மூன்று பேரும் எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகள். பெற்றோரின் கைபேசி எண் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் என் எண்தான் இருந்தது.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ஆபீஸ் ரைட்டராக இருக்கிறேன். சேலத்தில் பட்டப்படிப்பு முடித்து, கல்யாணமாகி மலையேறியவள். கணவர் ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் சமையல் பார்க்கிறார். எங்கள் எஸ்டேட்டில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய, ரேஷன் கார்டுக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு, எதற்கு எண் கேட்டாலும் ஆட்கள் என் எண்ணைத்தான் சொல்வார்கள். சிலரிடம் போன் கிடையாது. இருப்பவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள். மாறாத எண் ரைட்டரம்மா எண் ஒன்றுதான் என்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் பள்ளியில் வருகைப்பதிவைக் கைபேசியிலேயே போடத் தொடங்கினார்கள். பிள்ளை வரவில்லை என்றால் பத்து மணிவாக்கில் பெற்றவருக்குக் குறுஞ்செய்தி போகும். செய்தியில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் இருக்கும். என் ஆபீஸ் பள்ளத்தில் இருக்கிறது, சிக்னல் வராது. காப்பிப் பழம் எடைபோடும் களத்துக்கு மேடேறிப் போனால்தான் போன் உயிர்பெறும். அங்கே போனதும் எல்லாச் செய்திகளும் மொத்தமாக வந்து விழும்.

முதல் வருடம் ஒவ்வொரு செய்திக்கும் லைனுக்கு நடந்தேன். கடைசி வீட்டில் இருக்கும் அக்காவிடம்தான் அடிக்கடி போக வேண்டியிருந்தது. மலையில் அவரை விட வேகமாகப் பழம் எடுக்கும் ஆள் கிடையாது. மகள் ஏழாம் வகுப்பில் இருந்தாள்.

"ஏனுங்க்கா, புள்ள இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகலையாமே?"

"தெரியுமுங்க. நாந்தானுங்க நிறுத்துனேன். சின்னவனுக்குக் காய்ச்சலு. நான் வேலைக்குப் போவோணும். நீங்க வந்து பாத்துக்கறீங்களா?"

படிப்பின் அருமை பற்றி நான் ஏதோ நீளமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு மெசேஜு வந்தா எனக்கில்லீங்க திட்டு வருது! கெவருமெண்டு நொம்பத்தான் நல்லா யோசிச்சிருக்குது."

அந்த வருடம் பழம் எடுக்கும் காலம் வந்தது. மார்கழி, தை மாதங்களில் லைனில் பாதிப் பிள்ளைகள் தம்பி தங்கைகளோடு வீட்டில் நின்றுவிடும். ஒரே நாளில் எட்டுச் செய்தி, ஒன்பது செய்தி வரும். எந்த வீட்டுக்குப் போனாலும் "தெரியுமுங்க" என்பதுதான் பதில். இரண்டாம் வருடம் நடப்பதைக் குறைத்தேன். மூன்றாம் வருடம் படிப்பதையும் விட்டேன். மேலே உள்ள செய்தியை அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டில் அழிக்கக் கற்றுக்கொண்டேன். நான் அடைந்த டிஜிட்டல் திறமை அதுதான்.

என் மகளின் திறமை வேறு மாதிரி வளர்ந்தது. அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. நான் படித்தபோது கணினி என்பது பாடப்புத்தகத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண். அவள் பள்ளியில் ஒரு அறை முழுக்கக் கணினிகள், சுவரில் தொட்டால் எழுதும் பலகை. கல்விக் கொள்கை என்று டெல்லியில் ஒன்று பேசுகிறார்கள், சென்னையில் ஒன்று பேசுகிறார்கள், நம் மலைக்கு என்ன வந்து சேரப்போகிறது என்று செய்தி கேட்கும்போதெல்லாம் சலித்துக்கொண்டவள் நான். வந்து சேர்ந்ததை என் வீட்டு அடுப்படியில்தான் பார்த்தேன். ஊரெல்லாம் பரவும் வாட்ஸ்அப் வதந்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று அவள் தன் அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். என்னையும் விடவில்லை.

"அம்மா, உன்ற பாஸ்வேர்டு என் பேரும் நான் பொறந்த வருஷமும்தானே? அது பாஸ்வேர்டு இல்ல, அட்ரஸு."

இந்தத் தை மாதம், மாணவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றுக்குத் தீர்வு சொல்லி வீடியோ அனுப்பும் போட்டிக்கு அவளும் மூன்று தோழிகளும் சேர்ந்தார்கள். பனி இறங்கும் நாட்களில் பஸ் ஏற்காட்டிலிருந்து கிளம்பியதா இல்லையா என்பது எஸ்டேட் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்க ஒரு செயலி என்பது இவர்கள் யோசனை. கொரோனா காலத்துப் பாடங்களுக்காக வாங்கிய பழைய போனில் வீடியோவை எடுத்து முடித்தாள். அனுப்பக் கடைசி நாளுக்கு முன்பு ஒரு மரம் விழுந்து கேபிள் அறுந்து, பள்ளியில் இரண்டு நாளாக நெட் இல்லை. பள்ளிக்குப் போன் கொண்டுபோகவும் அனுமதி இல்லை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, களத்தில் வருவது வீடியோ அனுப்பப் போதாது.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில், அடுத்த எஸ்டேட் எல்லையில், ஒரு உயரமான பாறை உண்டு. ஏறினால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். பனியில் வழுக்கும் என்பதால் அதில் ஏறவே கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அதனால்தான் அவள் என்னிடம் சொல்லவில்லை. கடைசி நாள் காலையில் வழக்கத்தை விட அரை மணி முன்னதாகக் கிளம்பினாள். "என்ன கண்ணு, இத்தனை சீக்கிரம்?" என்றேன். "லேப்ல வேலை இருக்குதும்மா" என்றாள். நான் டிபன் டப்பாவை மூடிக் கொடுத்தேன்.

பதினோரு மணிக்கு முன்பு நான் களத்துக்கு ஏறினேன். எடைக்கு மூட்டைகள் வரிசையில் இருந்தன. பையில் போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பள்ளியிலிருந்து ஒன்பது செய்திகள். அழுத்திப் பிடித்தேன், தேர்ந்தெடுத்தேன், அழித்தேன். எடைக்கல்லைப் பார்த்து, "அடுத்த மூட்டை" என்றேன்.

பன்னிரண்டரை மணிக்கு ஆபீஸ் தரைவழித் தொலைபேசி அடித்தது. கணவர்.

"பாப்பா ஊட்லயா இருக்குது?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா. ஏன்?"

"வரலையாமே. டீச்சர் உனக்குப் போட்டுப் போட்டுப் பாத்துட்டு, இப்ப இங்க ஓட்டலுக்குப் போட்டாங்க. மெசேஜும் போயிருக்குமேன்னாங்க. உனக்கு வரலையா?"

வரவில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ரிசீவரை வைத்தேனா, கீழே விட்டேனா என்று இன்றும் நினைவில்லை. மேடேறி ஓடினேன். அழித்தவை தங்கும் பெட்டியைத் திறந்தேன். ஒன்பதில் ஆறாவது அவள். பெயர், பதினொன்றாம் வகுப்பு, இன்று பள்ளிக்கு வரவில்லை. பத்து மணி ஏழு நிமிடத்துக்கு வந்திருந்தது. அதற்கு மேல் ஐந்தும் கீழ் மூன்றும் லைன் வீட்டுப் பிள்ளைகள். இரண்டரை மணி நேரமாக என் பிள்ளை எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியது வந்து, நான் அதை அழித்திருந்தேன்.

களத்தில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பனியில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. "ஆண்டவரே" என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை. ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள். எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் தேடிப் போய்ச் சிறிது நேரத்தில் மேல்காட்டுப் பாதையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ரைட்டரம்மா! பதறாதீங்க! புள்ள இருக்குது!"

கடைசி வீட்டு அக்கா. முதுகில் என் மகள். கூடவே அக்காவின் மகள், இப்போது பத்தாம் வகுப்புப் பெண், புத்தகப் பையைச் சுமந்து வந்தாள். அன்று தாயோடு பழம் எடுக்க நின்றுவிட்டவள். என் ஒன்பது செய்திகளில் அவள் பெயரும் இருந்தது.

நடந்தது இதுதான். வீடியோ பாதி ஏறும்போதே பஸ் வந்து போய்விட்டது. போனது போகட்டும் என்று மகள் பாறையிலேயே இருந்து அனுப்பி முடித்தாள். இறங்கும்போது வழுக்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே விழுந்தாள். போன் பாறை இடுக்குக்குள் போய்விட்டது. காலை ஊன்ற முடியவில்லை. பழம் எடுத்தபடி எல்லை வேலி ஓரத்துக்கு வந்த அக்காவுக்குப் பன்னிரண்டு மணிவாக்கில்தான் அவள் குரல் காதில் விழுந்திருக்கிறது. இடுப்பில் கட்டியிருந்த பையின் பழத்தை அப்படியே மண்ணில் கொட்டிவிட்டு ஓடியிருக்கிறார்.

மகளைச் சாக்குகளின் மேல் உட்காரவைத்தோம். கணுக்கால் வீங்கியிருந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அக்கா மூச்சு வாங்கியபடி, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல், உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"ஏனுங்க, எங்க புள்ளைக வராட்டியே உங்களுக்கு மெசேஜு வருமே. உங்க புள்ளைக்கு வரலீங்களா?"

"வந்துச்சுக்கா. நான் படிக்கலை."

அவர் என் முதுகைத் தட்டினார். "சரி உடுங்க சாமி. புள்ள வந்துருச்சில்ல." சின்னப் பிள்ளையைக் கொஞ்சுவது போல என்னை யாரும் சாமி என்று கூப்பிட்டு முப்பது வருடம் ஆகியிருக்கும்.

ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினோம். எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. மறுநாள் வகுப்பு ஆசிரியை வீட்டுக்கே வந்தார். மகள் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், அப்லோடு ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு கண்ணு. அடுத்த தடவை நெட் இல்லைன்னா எங்கிட்ட சொல்லோணும். பாறைகிட்டச் சொல்லக்கூடாது."

பரிசு எதுவும் வரவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. செய்தி போய்விட்டதே, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், மதியம் வரை விடாமல் எண்களை அழுத்திக்கொண்டிருந்த அந்த ஆசிரியையிடம் பதினான்கு பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"மாத்திரலாமுங்க," என்றார். "போன் இருக்கறவங்களுக்கு அவங்க நம்பரே போட்டுடலாம். ஆனா போனில்லாதவங்களுக்கு நீங்கதானுங்க படிச்சுச் சொல்லோணும். உட்றாதீங்க."

எட்டு வீட்டார் தங்கள் எண்ணைக் கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை, கட்டுக்காலை நீட்டிக்கொண்டு என் மகளே அவர்களுக்குச் செய்தியைத் திறந்து படிக்கக் காட்டினாள். ஐந்து பேர் இன்னும் என் எண்ணில்தான் இருக்கிறார்கள். கடைசி வீட்டு அக்காவும் அதில் ஒருவர். பழம் எடுக்கும் மாதங்களில் லைன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடும்படி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். முன்பே கேட்டிருக்க வேண்டும்.

எங்கோ ஒரு அறையில், முகம் தெரியாத ஒருவர், பிள்ளை வராவிட்டால் அன்றைக்கே பெற்றவருக்குத் தெரிய வேண்டும் என்று விதி எழுதிவைத்திருக்கிறார். இந்த மலையையோ என் பள்ளத்து ஆபீசையோ அவர் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு நான் நன்றி சொல்கிறேன். அவர் அனுப்பியது சரியாகத்தான் வந்தது.

அந்த ஆறு வாரத்தில் கொஞ்ச நாள் நான் விடுப்பு எடுத்தேன், பிறகு ஆபீசுக்கு அவளையும் கூட்டிப்போய் என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். பள்ளி நாட்களில் தினமும் களத்துக்கு ஏறுவேன், செய்தி வந்திருக்கும்: அவள் பெயர், இன்று பள்ளிக்கு வரவில்லை. முழுக்கப் படித்துவிட்டு இறங்கி வந்து, ஸ்டூலில் காலை வைத்துக்கொண்டு கணக்குப் போடும் அவளைப் பார்ப்பேன். "என்னம்மா, நான் வரலையாமா?" என்று சிரிப்பாள். அதற்குப் பிறகுதான் என் கணக்கு நோட்டைத் திறப்பேன்.

கட்டுப் பிரித்துப் பள்ளிக்குப் போன முதல் நாள், பத்து மணிக்கு முன்பே களத்தில் போய் நின்றேன். சிக்னல் முழுதாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். பத்து ஏழு ஆனது. பத்தே கால் ஆனது. ஒரு செய்தி வந்தது. கடைசி வரை படித்தேன். அக்காவின் மகள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நின்றேன், வேறு எதுவும் வரவில்லை.

போனைப் பையில் போட்டுக்கொண்டு லைனுக்கு நடந்தேன்.