கல்லறைப் பாதையில் எருக்குழி

குப்பையை உரமாக்கும் அரசாங்கத் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தபோது, மாதிரிக் குழியை எங்கே வெட்டலாம் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. தங்கள் வீட்டுப் பக்கம் நாற்றம் வரக்கூடாது என்று பெரிய தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரியும் தலையாட்டினார். கிறிஸ்தவர்களான நாங்கள் குடியிருந்த வேதக்காரத் தெருவிலிருந்து கல்லறைக்குப் போகும் பாதையை மறித்துக் குழி வெட்டினார்கள். மிச்சமிருந்த ஒரே ரோடு பெரிய தெரு வழியாகப் போனது. அதற்குள் எங்கள் பிணம் நுழையக்கூடாது என்பது காலங்காலமாக அவர்கள் வைத்த சட்டம்.

அப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முறையிடப் போனார். சாணமும் தழையும் அடுக்கடுக்காக விழுகிறதா, மேலே மண் போட்டு மூடுகிறார்களா என்று அடிக்கடி வந்து குனிந்து பார்த்த அதிகாரிக்குப் பாதை மட்டும் கண்ணில் படவில்லை. சாவு விழுந்தால் வயல் வழியாகப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஐப்பசியில் அப்பாவே செத்துப்போனார். வயலெல்லாம் புதுநடவு, முழங்கால் சேறு. தூம்பாப் பெட்டியில் அப்பாவை வைத்துத் தூக்கி வந்தவர்கள் குழி ஓரத்தில் திகைத்து நின்றார்கள். அன்றைக்குப் பார்த்து அதிகாரியும் குழியைச் சோதிக்க வந்திருந்தார். எனக்கு அழுகை நின்று ஆத்திரம் பொங்கியது.

அம்மா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தூக்கியவர்களிடம் சொன்னாள்.

"ரோடு எங்க கீதோ அங்க தூக்குங்கப்பா. சேத்துல எறக்கறதுக்கு அவரு இன்னா நாத்துக் கட்டா?"

மாதா கோயிலில் பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை சிலுவையோடு முன்னால் நடந்தார். பெரிய தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மறிக்க வந்தவர்கள் எங்கள் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, அதிகாரியிடம் ஓடினார்கள். குழியை அங்கே வெட்டச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டாராம் அவர். அந்த மனிதர் வாயிலிருந்து உண்மை வந்தது அன்றைக்குத்தான். நாங்கள் அப்பாவை நல்லபடியாக அடக்கம் செய்துவிட்டு, வந்த வழியே திரும்பினோம்.

அந்த வாரமே குழியை மூடிவிட்டார்கள். எங்கள் பேச்சுக்கு அசையாத ஆபீஸ் பெரிய தெரு முணுமுணுத்ததும் அசைந்தது. இனிப் பழைய பாதையிலேயே போகலாம் என்று சொல்ல அதிகாரி எங்கள் தெருவுக்கே வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி, அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் தெருவில் அடுத்த சாவு தையில் விழுந்தது. பழைய பாதை காய்ந்து, நடக்க நன்றாகவே இருந்தது. நாங்கள் பெரிய தெரு வழியாகத் தூக்கினோம்.